தனியாக வர்கலா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் இந்தப் பக்கத்தில் பெண்கள் தனியாகப் பயணம் போவதைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் வர்கலா என்ற பெயரைச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஊரைப் பற்றியே. அதனால் இந்த மாதம் முழுக்க வர்கலாதான். தெரியாதவர்களுக்கு: திருவனந்தபுரத்துக்கு வடக்கே, கொல்லத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் செம்மண் குன்றின்மேல் இருக்கிற ஊர். திருநெல்வேலியில் புவியியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் மாணவிகளை அந்தக் குன்றைப் பார்க்க அழைத்துப் போவேன். ஓய்வு பெற்ற பிறகு தனியாகவே போய் வருகிறேன். கோயிலும் ரயிலடியுமாக இருந்த ஊர், ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு தெரு கூடுதலாக வளர்ந்து நிற்கிறது.

எனக்கு 27 வயது. வங்கியில் வேலை. இதுவரை எங்கேயும் தனியாகப் போனதில்லை. முதல் பயணத்துக்கு வர்கலா சரிவருமா டீச்சர்? எப்போது, எப்படிப் போவது?
*வாசகி, திண்டுக்கல்*

சரிவரும். தாராளமாகப் போங்கள்.

முதல் காரணம், ஊருக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. 'வர்கலா சிவகிரி' என்று பெயர். இறங்கி ஆட்டோ பிடித்தால் மூன்று நான்கு கிலோமீட்டரில் கடற்கரை. பஸ் மாறி, ஜீப் மாறி, இருட்டில் வழி கேட்டுப் போகிற வேலை இல்லை. இரண்டாவது, அது வெறும் சுற்றுலா ஊர் இல்லை. ஜனார்த்தன சுவாமி கோயிலுக்கும் சிவகிரி மடத்துக்கும் காலம் காலமாக வெளியூர்ப் பெண்கள் வந்து போகிற ஊர். காலை ஐந்தரைக்கு ஒரு பெண் தனியாகத் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்றாவது, உங்கள் தமிழ் அங்கே போதும். நிதானமாகப் பேசினால் ஆட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லாருக்கும் புரியும். நீங்களும் 'சேச்சி', 'சேட்டா' என்று கூப்பிட்டுப் பேசுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

சென்னை எழும்பூரிலிருந்து கொல்லம் போகும் அனந்தபுரி எக்ஸ்பிரஸ் திண்டுக்கல், மதுரை, நெல்லை, நாகர்கோவில் வழியாகப் போகிறது. உங்கள் ஊரில் நடுராத்திரி தாண்டி ஏற வேண்டியிருக்கும். ஆனால் வர்கலாவில் பகலில் இறங்கலாம், அதுதான் முக்கியம். முதல் முறை போகிற ஊரில் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது அன்றைய நேர அட்டவணையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அதிலும் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை உள்ள வாரத்தை விட்டுவிடுங்கள். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை சிவகிரி தீர்த்தாடனம். மஞ்சள் உடுத்திய பக்தர்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வருவார்கள். கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் முதல் முறை தனியாகப் போகிறவருக்கு அறை கிடைப்பதும் கஷ்டம், கிடைத்தாலும் வாடகை கட்டுப்படியாகாது. ஜனவரி நடுவில் போனால் நிம்மதி.

இணையத்தில் பார்த்தால் எல்லா விடுதியும் ஒரே மாதிரி இருக்கிறது: ஊஞ்சல், தென்னை மரம், கடல். எந்தப் பகுதியில் அறை எடுப்பது? ஒரு விடுதியில் 'ஒற்றைக்காணோ?' (தனியாகவா?) என்று கேட்டுவிட்டு, தனிப் பெண்ணுக்கு அறை தருவதில்லை என்று ஃபோனை வைத்துவிட்டார்கள். மனசு விட்டுப்போச்சு.
*வாசகி, சேலம்*

முதலில் அந்த ஃபோன். அப்படிச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாதாடாதீர்கள். தனியாக வருகிற பெண்ணைப் பார்த்துத் தயங்குகிற இடத்தில் ராத்திரி உங்களுக்கு ஏதாவது தேவைப்பட்டால் எழுந்து வந்து கதவைத் திறக்கிற மனசு இருக்காது. அந்த ஃபோன் உங்களுக்கு நல்லதுதான் செய்தது.

இப்போது ஊர் அமைப்பு. குன்றின் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு நடைபாதை போகிறது. 'நார்த் கிளிஃப்' என்பார்கள். ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், துணிக்கடைகள், யோகா வகுப்பு, மசாஜ். இன்னொரு பக்கம் பள்ளம், அதற்குக் கீழே கடல். அதன் தெற்கு முனையில் ஹெலிபேட். அதற்கும் தெற்கே இறங்கினால் பாபநாசம் கடற்கரை, கோயில், டெம்பிள் ஜங்ஷன். நம்ம தாமிரபரணிப் பாபநாசம் இல்லை, பெயர்தான் ஒன்று. வடக்கே போகப் போக ஓடயம், இடவா. அங்கே கூட்டம் குறைவு, புதிய விடுதிகள் அதிகம், தெருவிளக்கு குறைவு.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது, ஹெலிபேடுக்கும் கோயிலுக்கும் நடுவே, விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு தெரு உள்ளே தள்ளி, குடும்பம் குடியிருக்கிற வீட்டோடு சேர்ந்த அறை. கடல் தெரியாதே என்று வருத்தப்படாதீர்கள். கடலைப் பார்க்கப் பகல் முழுக்க இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குத் தேவைப்படுவது பக்கத்து வீட்டில் எரிகிற விளக்கு.

வளர்கிற ஊரில் இன்னொரு சிக்கல். படத்தில் பார்த்த தென்னந்தோப்பு இருக்கிற இடத்தில் நீங்கள் போய்ச் சேரும்போது கான்கிரீட் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். போன வருஷத்துப் பாராட்டுகளை நம்பாதீர்கள். கடைசி இரண்டு மூன்று மாதத்தில் தங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். அப்புறம் நேரடியாக ஃபோன் போட்டுப் பேசுங்கள். பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? ராத்திரி அந்தக் கட்டடத்திலேயே தூங்குகிற பொறுப்பான ஆள் யார்? மெயின் ரோட்டில் இறங்கினால் வாசல் வரை ஆட்டோ வருமா, இல்லை சந்துக்குள் நடக்க வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்குத் தட்டுத் தடுமாறாமல் பதில் சொல்கிற இடம் நல்ல இடம். நான் ஒரு வீட்டில் கேட்டபோது அந்த அம்மா, 'நானும் என் மாமியாரும் கீழே படுக்கிறோம், நாய் இருக்கிறது, கேட்டை பத்தரைக்குப் பூட்டுவோம், லேட்டானால் ஃபோன் பண்ணு' என்று மூச்சு விடாமல் சொன்னார். இன்றைக்கும் அங்கேதான் தங்குகிறேன்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். பால்கனிக் கதவு உள்ளிருந்து பூட்டுகிறதா, குளியலறை ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்போதே வேறு அறை கேளுங்கள். அடையாள அட்டை கேட்பார்கள், கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆதாரில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்த பிரதியை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், அதைக் கொடுத்தால் போதும்.

கல்லூரியில் நீச்சல் குழுவில் இருந்தேன். கடலில் தைரியமாக நீந்தலாம்தானே? தனியாக வருகிறவளுக்கு ஏதாவது தனி எச்சரிக்கை உண்டா?
*வாசகி, காரைக்குடி*

நீச்சல் குளத்தில் கற்றவர்களுக்குத்தான் முதலில் எச்சரிக்கை சொல்ல வேண்டும், மகளே. தனியாகப் பயணம் போகிற பெண் என்றால் எல்லாரும் மனிதர்களைப் பற்றியே பயமுறுத்துவார்கள். வர்கலாவில் நான் அதிகம் பயப்படுவது கடலுக்கு.

கரைக்கு வந்து விழுகிற அலைத் தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒன்றுசேர்ந்து, ஓர் ஆறு போலக் கடலுக்குள் ஓடும். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்கும், நடுவில் மட்டும் நுரை இல்லாமல், நிறம் கொஞ்சம் இருண்டு, தண்ணீர் சும்மா கிடப்பது போல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அலை இல்லாத இடமாயிற்றே என்று நேராக அங்கேதான் இறங்குவார்கள்.

வர்கலாவில் ஒரு வசதி உண்டு, வேறு கடற்கரையில் கிடைக்காது. இறங்குவதற்கு முன்னால் குன்றின்மேல் நின்று பத்து நிமிஷம் கீழே பாருங்கள். வெள்ளை நுரை வரிசையில் விழுந்திருக்கும் இடைவெளி மேலிருந்து தெளிவாகத் தெரியும். சில நேரம் கலங்கிய மணல் நிறத் தண்ணீர் ஒரு நாக்கை நீட்டியது மாதிரி உள்ளே போவதும் தெரியும். என் மாணவிகளை அங்கே வரிசையாக நிறுத்தி, 'எங்கே இறங்கக் கூடாது, காட்டுங்கள்' என்பேன். பத்தாவது நிமிஷத்தில் எல்லா விரலும் ஒரே இடத்தைக் காட்டும். அப்புறம்தான் படி இறங்குவோம்.

அந்த ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். நல்ல நீச்சல்காரிகள் களைத்துப்போவது அப்படித்தான். மிதந்துகொண்டே கையை உயர்த்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த ஓட்டம் அகலமாக இருக்காது, தாண்டிவிட்டால் அலையே உங்களைக் கரைக்குக் கொண்டுவரும்.

உயிர்காப்பாளர்கள் இருக்கும் பகுதியில், அவர்கள் பணியில் இருக்கும் பகல் நேரத்தில் மட்டும் இறங்குங்கள். போனதும் அவர்களிடம் ஒரு வார்த்தை, 'நான் தனியாக வந்திருக்கிறேன், இன்றைக்கு எந்தப் பக்கம் நல்லது?' என்று கேளுங்கள். அவர்கள் கண் உங்கள்மேல் இருக்கும். சிவப்புக் கொடி என்றால் கணுக்கால் நனைக்கக்கூட வேண்டாம். சூரியன் மறைந்த பிறகு நிலா வெளிச்சத்தில் குளிக்க யார் கூப்பிட்டாலும் வேண்டாம்.

இன்னொன்று, ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்களுக்கு. கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று சொல்வார்கள். வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது, திடீரென்று கடல் ஏறி வந்து கரையை மூடும். தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் அடிப்பக்கத்தில் வீசிய புயல்காற்று கிளப்பிவிட்ட நெடிய அலைகள் சில நாள் கழித்து இங்கே வந்து சேர்வதுதான் காரணம். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. மலையாளச் செய்தியில் அந்தச் சொல் காதில் விழுந்தால் அன்றைக்குப் பையை மணலில் வைக்காதீர்கள், நீங்களும் உட்காராதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் குளிப்பதற்கே இல்லை. அலை மணலை வாரிக்கொண்டு போய்விடும், கடற்கரையே பல இடங்களில் காணாமல் போகும். மழை விட்டபிறகு மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

என்ன உடை எடுத்துப்போவது?
*வாசகி, வேலூர்*

குன்றின்மேல் வெளிநாட்டினர் நிறைய, எது போட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பாபநாசம் பக்கம் திதி கொடுக்க வந்த குடும்பங்கள் இருக்கும், அங்கே ஒரு சல்வாரோ நீளச் சட்டையோ போட்டுக்கொண்டால் உங்களுக்கே சங்கடம் இருக்காது. பருத்தியை விடச் சீக்கிரம் காய்கிற துணி நல்லது. அந்த ஈரக்காற்றில் துவைத்துப் போட்டது மறுநாளும் ஈரமாகவே இருக்கும்.

தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். யாராவது வந்து பேச்சுக் கொடுத்தால் எப்படிச் சமாளிப்பது?
*வாசகி, புதுச்சேரி*

காலையையும் மதியத்தையும் ஊருக்குள் சாப்பிடுங்கள். டெம்பிள் ஜங்ஷன் பக்கமும், மைதானம் என்று சொல்கிற ஊர் நடுவிலும் சின்னச் சின்ன ஹோட்டல்கள். புட்டும் கடலைக்கறியும், அப்பமும் முட்டைக்கறியும், மதியம் மட்டை அரிசிச் சோறும் மீன்குழம்பும். அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஒரே மேஜையில் உங்களுக்கு எதிரே நர்ஸ் ஒருவர் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டு வேளை அப்படிச் சாப்பிட்டால் கூச்சம் போய்விடும்.

ராத்திரிக்குக் குன்றின்மேல் போங்கள், தப்பில்லை. அன்றைக்குப் பிடித்த மீனைக் கடை வாசலில் அடுக்கி வைத்துக் கூப்பிடுவார்கள். சொல்கிற விலை எடைக்கா, தட்டுக்கா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பங்களும் பெண்களும் உட்கார்ந்திருக்கிற கடையாகப் பார்த்து, உள்பக்கம் இல்லாமல் நடைபாதையை ஒட்டிய மேஜையில் உட்காருங்கள்.

பேச்சுக் கொடுக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் வெறும் பேச்சுக்காரர்கள்தான். நானே அப்படிப் பேசி நல்ல சிநேகிதிகளைப் பெற்றிருக்கிறேன். ஆனால் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் வேண்டாம்: எங்கே தங்கியிருக்கிறாய், நாளைக்கு என்ன திட்டம். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றலாம். அதற்குப் பிறகும் கேட்டால் சிரிப்பை நிறுத்திவிடுங்கள். ஒருவரிடம் மரியாதைக்குறைவாக நடந்துகொள்கிறோமோ என்ற கவலையில் நம் பெண்கள் எழுந்து போக வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். எழுந்து போகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கோப்பையை நீங்கள் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து அதைக் குடிக்காதீர்கள்.

அங்கே எல்லா மூலையிலும் ஆயுர்வேத மசாஜ் போர்டு இருக்கிறதாமே. தனியாகப் போகிற பெண் நம்பிப் போகலாமா?
*வாசகி, தருமபுரி*

பெண்ணுக்குப் பெண்தான் செய்ய வேண்டும். அதுவே அங்கே முறை. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள், உள்ளே போனதும் ஆள் மாறியிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். கேரளச் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களைத் தரம்பிரித்துச் சான்றிதழ் கொடுக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும், பார்த்துக் கேட்டுப் போங்கள்.

கடலைத் தவிர அங்கே ஒரு வாரத்துக்கு என்ன இருக்கிறது? நான் ஸ்கூட்டி ஓட்டுவேன்.
*வாசகி, ஈரோடு*

ஒரு வாரம் போதாது.

சிவகிரியில் தொடங்குங்கள். சாதி வேற்றுமைக்கு எதிராக நின்ற துறவி ஸ்ரீ நாராயண குரு 1904-ல் அங்கே வந்து அமர்ந்தார், 1928 செப்டம்பர் 20 அன்று அங்கேயே சமாதி ஆனார். 1922-ல் தாகூரும், வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1925-ல் காந்தியும் வந்து அவரைச் சந்தித்தது இந்தக் குன்றில்தான். குருவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும், தமிழில் பதிகங்களும் பாடியிருக்கிறார். நாகர்கோவில் பக்கத்து மருத்துவாமலையில் தவம் இருந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பலர் அந்த வாசலைத் தாண்டி நேராகக் கடலுக்குப் போய்விடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஒரு மணி நேரம் கொடுங்கள். மேலே சமாதி மண்டபத்தில் உட்கார்ந்திருக்க யாரும் காசு கேட்பதில்லை, யாரும் எழுப்புவதும் இல்லை.

தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அஞ்சுதெங்கு. 1690-களில் ஆங்கிலக் கிழக்கிந்திய கம்பெனி கட்டிய கோட்டை. மிளகுக்காக வந்தவர்கள். 1721-ல் ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசுப்பொருட்கள் கொண்டுபோன கம்பெனிக்காரர்களை ஊர்மக்கள் வெட்டிப்போட்டார்கள், கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. பிளாசிப் போருக்கும் முன்னால் நடந்த எதிர்ப்பு இது. நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இருக்காது. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை, சுவரும் புல்லும்தான். பக்கத்தில் கலங்கரை விளக்கமும் மீனவர் குடியிருப்பும் இருக்கின்றன.

வடக்கே 'காப்பில்' என்று ஓர் ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவே ரோடு. ஸ்கூட்டி ஓட்டுகிறவருக்கு அந்த ரோடு போதும். வாடகை வண்டி என்றால் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியின் வெள்ளைப் பலகையோடு கொடுத்தால் வாங்காதீர்கள், விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். எடுப்பதற்கு முன் வண்டியில் இருக்கிற ஒவ்வொரு கீறலையும் ஃபோனில் படம் பிடித்து, அந்த ஆளுக்கே அனுப்பிவிடுங்கள். ராத்திரி ஓட்டாதீர்கள்.

உங்களைப் போன்றவர்கள் எழுதி எழுதித்தான் இப்படிப்பட்ட ஊர்கள் கெட்டுப்போகின்றன. குன்று சரிகிறது என்கிறார்கள். இன்னும் ஆட்களை அனுப்புவது நியாயமா?
*வாசகர், கோவை*

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கோபம். விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் குன்று என் பாடம்.

மேலே இருப்பது செம்புரைக்கல். துளைகள் நிறைந்தது, மழைநீரை உறிஞ்சும். அதற்குக் கீழே மணற்கல்லும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கு. மேலிருந்து இறங்குகிற தண்ணீர் களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, குன்றின் முகத்தில் ஊற்றாகக் கசிகிறது. பாபநாசத்தில் அந்த ஊற்றில்தான் கடலில் குளித்தவர்கள் உப்பைக் கழுவுகிறார்கள். கையை வைத்துப் பாருங்கள், பக்கத்தில் கடல் இருக்கிற எண்ணமே வராத நல்ல தண்ணீர். குன்றுக்கு அழகு சேர்க்கிற அதே தண்ணீர்தான் அதைச் சரிக்கவும் செய்கிறது. பெருமழையில் களிமண் ஊறி வழுக்கும், கீழே அலை அடிவாரத்தை அரிக்கும், மேலே இருக்கிற செம்புரைக்கல் பாளம் பாளமாக விழும். இது மனிதன் வருவதற்கு முன்பும் நடந்தது. ஆனால் விளிம்பிலேயே மாடி கட்டி எடையை ஏற்றி, கழிவுநீர்க் குழியை வெட்டி, ஆண்டு முழுக்கத் தண்ணீரை உள்ளே இறக்கினால், மழைக்காலத்தில் மட்டும் நடந்தது மற்ற மாதங்களிலும் நடக்கத் தொடங்கும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்க வேண்டிய புவியியல் சின்னமாக அறிவித்த இடம் அது. 2025-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. சட்டம் இல்லாமல் இல்லை, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. விளிம்பில் அறை கேட்டு வருகிறவர்கள் இருக்கிறவரை விளிம்பில் கட்டுகிறவர்களும் இருப்பார்கள். அதனால்தான் மேலே சேலத்து வாசகிக்கு இரண்டு தெரு தள்ளித் தங்கச் சொன்னேன். அது அவருக்கும் நல்லது, குன்றுக்கும் நல்லது.

ஆட்களே போகக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. நான் தங்குகிற வீட்டு அம்மா, கணவர் வளைகுடாவிலிருந்து நோயோடு திரும்பிய பிறகு, இரண்டு அறையை வாடகைக்கு விட்டுத்தான் மகளைப் படிக்க வைத்தார். எப்படிப் போகிறோம் என்பதை மாற்றலாம். படி இருக்கிற இடத்தில் மட்டும் இறங்குங்கள், குறுக்குவழி என்று சரிவில் கால் வைத்தால் மண் உதிரும். மழைக்காலத்தில் குன்றின் அடியில் நிழலுக்காக உட்காராதீர்கள். தண்ணீர்ப் புட்டியைக் கையோடு கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள். இதையும் எழுதத்தான் எனக்கு இந்தப் பக்கம்.

என் மகளுக்கு 24 வயது. தனியாக வர்கலா போகப்போகிறேன் என்று டிக்கெட் எடுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. உறவில் யாருக்கும் தெரியாது. தடுக்கவும் மனசில்லை. என்ன செய்யட்டும்?
*ஒரு தாய், மயிலாடுதுறை*

அம்மா, தடுக்க மனசில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை உங்கள் மகளிடம் படித்துக் காட்டுங்கள்.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். ரயில் எண், பெட்டி, இருக்கை. விடுதியின் முகவரி, அங்கே ராத்திரி இருக்கிறவரின் எண். ஒரு நாளைக்கு ஒரு ஃபோன், நேரம் குறித்து. ராத்திரி எட்டரை என்றால் எட்டரை. நடுவில் நீங்கள் கூப்பிடாதீர்கள், அவளும் எட்டரையைத் தவறவிடக் கூடாது. ஒன்பதரை வரை ஃபோன் வரவில்லை என்றால்தான் விடுதிக்குப் பேசுவது. இப்படி எழுதி வைத்துக்கொண்டால் மற்ற இருபத்து மூன்று மணி நேரம் உங்கள் மனசு கற்பனை செய்யாது. எல்லா நேரமும் இருப்பிடத்தைக் காட்டச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சிக்னல் போனால் நீங்கள்தான் தவித்துப்போவீர்கள்.

அவசரம் என்றால் 112. கேரளாவில் பெண்களுக்கான பிங்க் போலீஸ் 1515, பெண்கள் உதவி எண் 181. ரயிலில் எதுவாக இருந்தாலும் 139. அவள் ஃபோனில் மட்டும் வேண்டாம், தாளிலும் எழுதிப் பையில் வைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. உறவில் யாரிடமும் 'ஆபீஸ் வேலையாகப் போகிறாள்' என்று சொல்லாதீர்கள். பொய் சொல்லி அனுப்பிய பயணத்தில் சின்னதாக ஏதாவது தவறினால், பர்ஸ் தொலைந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, அவள் முதலில் நினைப்பது 'வீட்டுக்குத் தெரிந்தால் அம்மாவின் மானம் போகுமே' என்பதுதான். அந்தத் தயக்கத்தில்தான் சின்னது பெரிதாகிறது. எத்தனையோ மாணவிகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். தனியாகப் போகிற பெண்ணுக்கு, என்ன நடந்தாலும் திட்டாமல் ஃபோனை எடுக்கிற ஒருவர் வேண்டும். 'என் மகள் வர்கலா பார்க்கப் போகிறாள்' என்று நாத்தனாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் பேசுவார்கள். பேசட்டும்.

ஆண்களுக்கும் பதில் உண்டா? வயது 63. மனைவி காலமான பிறகு எங்கேயும் போகவில்லை. பாபநாசம் கடற்கரையில் திதி கொடுத்துவிட்டு இரண்டு நாள் தனியாகத் தங்கலாம் என்று நினைக்கிறேன்.
*வாசகர், தென்காசி*

கட்டாயம் போய்வாருங்கள் ஐயா. அங்கே ஆண்டு முழுக்க பலி கொடுக்கலாம். ஆடி அமாவாசையை ஒட்டி வரும் கர்க்கடக வாவு அன்று மட்டும் வேண்டாம், லட்சக்கணக்கில் கூட்டம், கடலும் கொந்தளிப்பாக இருக்கும். மற்ற நாட்களில் காலை ஆறரைக்குப் போனால் மணலிலேயே எள்ளும் தர்ப்பையும் வாழையிலையுமாக உட்கார்ந்திருப்பார்கள். தட்சிணையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அது அவர்களுக்கும் வழக்கம்தான். முழுக்குப் போட ஆழத்துக்குப் போகாதீர்கள், ஓர் அலை வந்து காலடியில் விழுந்தால் போதும், அதை அள்ளித் தெளித்துக்கொள்ளலாம். ஜனார்த்தன சுவாமி கோயில் மேட்டில் இருக்கிறது, படிகள் ஏற வேண்டும். வேட்டி எடுத்துப்போங்கள், சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும்.

அறையைக் கோயில் பக்கமே எடுங்கள், குன்றின் வடக்குப் பக்கம் ராத்திரி பாட்டுச் சத்தம் அதிகம். மாத்திரைகளை இரண்டு நாளுக்கு இல்லாமல் ஐந்து நாளுக்கு எடுத்துப்போங்கள். பிடித்துப்போய்த் தங்கிவிட்டால் தேவைப்படும்.